மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி

பதினோரு முறை அங்கேயே நின்றிருக்கிறார்
எலிசேயோ கோல்கே.
பாடம் நான்கு,
ஹைட்ராலிக் குழாயின் அழுத்தத்தைப் பற்றி
என் குரல் பேசிக்கொண்டிருக்கும் இடம்.

எனக்கு அந்தோஃபகஸ்தாவில்
கடலைப் பார்த்த ஜன்னல்.
அவருக்கு மலைமேல் செம்புச் சுரங்கம்,
ஏழு நாள் முகாம், ஏழு நாள் வீடு,
ஆளுயரச் சக்கரம் இரண்டை
ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற சக்கரங்கள்.

என் திரையில் அவர் ஒரு சிவப்புப் புள்ளி.
பக்கத்தில் 'பின்தங்கியவர்' என்றிருக்கும்.
அந்தச் சொல்லை வைத்தது நான்தான்.
பட்டியலுக்கு ஏதோ ஒரு சொல் வேண்டியிருந்தது.

முதலில் என் குரலைச் சந்தேகித்தேன்.
மெதுவாகப் பேசி மறுபடி பதிந்தேன்.
அடுத்து, படத்தை.
அம்புக்குறிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசினேன்.
அதற்கும் அடுத்து
(சொல்ல நாக்கூசுகிறது)
அவருடைய ஐம்பத்து மூன்று வயதை.

பன்னிரண்டாம் முறை நின்றதும் போன் செய்தேன்.
சிரித்தார்.

"அது வளைவு, செஞோரா.
முகாமிலிருந்து குழிக்குப் போகும் பேருந்து
வாசல் தடுப்பைத் தாண்டியதும் உங்களைப் போடுவேன்.
மூன்று நிமிடத்தில் கரும்பாறை வரும்.
சிக்னல் போய்விடும்.
தினமும் அதே பாறையில் முட்டிக்கொள்கிறீர்கள்."

"இரவில் முகாமில் இணையம் இருக்குமே?"

"இருக்கிறது.
இருநூறு பேர் வீட்டோடு பேசும் நேரம் அது.
என் மகள் அப்போதுதான் பல் தேய்ப்பாள்."

பாதியில் விட்டால்
முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
முழுதும் கேட்டவருக்கே அடுத்த கதவு திறக்கும்.
இதையும் கட்டியது நான்தான்.
ஒழுங்கு என்று நினைத்துக்
கட்டினேன்.

"ஒன்பதாவது பாடத்தின் தலைப்பைப் பார்த்தேன்," என்றார்,
"கசிவைக் கண்டுபிடிப்பது.
எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.
நாற்பத்தொன்றாம் லாரி செவ்வாயன்று நின்றுவிட்டது.
பூட்டு திறக்கும்வரை லாரி காத்திருக்குமா?
பழைய கையேட்டைத் தேடி எடுத்தோம்,
நானும் வெல்டிங் செய்யும் நிதியாவும்.
புரிந்ததை வரைந்து வைத்தோம்."

படம் அனுப்பினார்.
கருவிப்பெட்டி மூடியின் உட்புறம்,
கிரீஸ் விரல்களுக்கு நடுவே, சாக்பீஸ் கோடுகள்.
ஓர் அம்பு மட்டும் தலைகீழ்.
ஆசிரியப் புத்தி விடுமா?
உடனே எழுதினேன், மூன்று பத்திகள்.
ஒரு வரியில் பதில் வந்தது:
"தெரியும், புதன்கிழமையே திருத்தியாயிற்று."

அன்றிரவு பூட்டுகளை எடுத்தேன்.
ஒவ்வொன்றாக.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டே இருந்தது.
பாடங்களை
பாறைக்கு முன் முடியும் அளவுக்கு வெட்டினேன்.
வெட்ட வெட்ட,
என் முன்னுரைகள்தான் அதிகம் விழுந்தன.
போனில் இறக்கி வைத்துக்கொள்ள ஒலிப்பதிவு.
விட்ட இடத்தில் ஒரு அடையாளம்.
முதல் பக்கத்தில் ஒரே கேள்வி:
நாளை காலை எது உங்களை மடக்கப் போகிறது?

'ஐந்தாம் கியர்' என்றார் ஒருவர்.
'சென்சார் பொய் சொல்கிறதா, நானா, தெரியவில்லை.'
'என் மேலாளர்.'
அதற்குப் பாடம் இல்லை, இனிமேலும் இராது.

மாத இறுதியில் ரெனாத்தோ கேட்டார்,
"முடித்தவர்கள் எத்தனை சதவீதம், யாஸ்னா?"
எழுபது நாற்பதாகியிருந்தது.
வருகிறார்கள், வேண்டியதை எடுக்கிறார்கள்,
போய்விடுகிறார்கள் என்றேன்.
குடம் நிரம்பியவர்
கிணற்றையும் இறைத்துவிட்டா போவார்?
ரெனாத்தோ ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பது என்று குறித்துக்கொண்டார்.
அடுத்த வருடம் எனக்கு இந்த வேலை இருக்குமா என்பது
அந்த எண்ணுக்குத்தான் தெரியும்.

எலிசேயோ ஒன்பதை இருமுறை கேட்டார்.
பிறகு பதினொன்று.
பிறகு, காரணம் சொல்லாமல், ஒன்று.
நான்கு மட்டும் அவர் கணக்கில் இன்னும்
மூன்று பன்னிரண்டில் நிற்கிறது.

அந்தச் சிவப்புப் புள்ளியை நான் அழிக்கவில்லை.
காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தால்
ஒரு பேருந்து இப்போது
வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்
என்று நினைத்துக்கொள்வேன்.
உள்ளே யாரோ
என்னை நடுவில் நிறுத்திவிட்டு
ஜன்னலுக்கு வெளியே
தானே எதையோ யோசிக்கத் தொடங்கியிருக்கலாம்.